திருகோணமலைப் பெடியனுக்கு வரலாறு எதற்கு?

உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுக்க நினைக்கும் திருகோணமலைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் வரலாறு வேண்டாம் என்கிறார்கள். எனக்கும் யோசனையாக இருக்கிறது. நடந்தது நடந்துபோச்சு. எங்கள் நாட்டில் வரலாறு சண்டையைத் தவிர வேறு என்ன தந்தது? இன்றைக்கு நடப்பதை விளங்கிக்கொள்ளச் செய்தி பார்த்தால் போதாதா?"

தம்பி, இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. செய்தி போதாதா என்பது ஒன்று. சண்டைக்கே வரலாறுதானே காரணம் என்பது மற்றது. முதலாவதற்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவதில் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் சொல்ல வேண்டும்.

செய்தியில் இருந்தே தொடங்குவோம். 2022 ஜனவரியில் நம்மூர்ச் சீனக்குடாவில் இருக்கும் எண்ணெய்த் தாங்கிகள் பற்றி ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. 99 தாங்கிகளில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் கிளையான லங்கா ஐஓசிக்கு, மீதி 61 இருவரும் சேர்ந்து தொடங்கும் கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49 வீதம். செய்தி இவ்வளவுதான். அதே வருடம் நடுப்பகுதியில் நாடு முழுக்க எரிபொருள் கியூ நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கூட்டுத்தாபனத்தின் ஷெட்கள் காய்ந்து கிடந்த நாட்களிலும் ஐஓசி ஷெட்டில் எண்ணெய் கிடைத்தது. இந்தியக் கம்பனி ஒன்றுக்கு நம்மூர்க் காட்டுக்குள் தாங்கி எப்படி வந்தது என்று அப்போது எத்தனையோ பேர் கேட்டார்கள். அன்றைய செய்தியில் அதற்குப் பதில் இருக்கவில்லை, இருக்கவும் முடியாது. அந்தப் பதில் நூறு வருடம் பின்னால் கிடக்கிறது.

முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்பு பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறத் தீர்மானித்தது. கப்பல் எண்ணெயில் ஓடினால் போகும் வழியெல்லாம் எண்ணெய் சேமித்து வைக்க இடம் வேண்டும். அதற்காகத்தான் 1920களிலும் 30களிலும் சீனக்குடாக் காட்டை வெட்டி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளும் தாங்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். தாங்கிகளின் மேல்தொகுதிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பற்றைக்குள் நடந்து போகும்போது மரங்களுக்கு நடுவே மாடி வீட்டு உயரத்தில் துருவேறிய இரும்புச் சுவர் ஒன்று திடீரென்று எழுந்து நிற்கும். கொடி ஏறி, மேலே மரம் முளைத்து, கீழே எருமை படுத்திருக்கும். 91ஆம் இலக்கத் தாங்கி நின்ற இடத்தில் தீயில் இளகி மடிந்த தகடுகளைப் பார்க்கலாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. அதில் ஒரு விமானம் அந்தத் தாங்கியின் மேல் விழுந்தது. தீ ஒரு வாரம் எரிந்தது. அதே நாளில் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அந்த வாரத்தில் கொழும்பிலும், இந்தியாவில் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது.

டில்லியில் இருப்பவர்கள் அதை மறக்கவில்லை. திருகோணமலை யார் கையில் இருக்கிறதோ அவர்களால் வங்காள விரிகுடாவின் மேற்குக் கரை முழுவதையும் எட்ட முடியும் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். 1980களில் இந்தத் தாங்கிகளை வெளிநாட்டுக் கம்பனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் பேச்சு எழுந்தபோது டில்லி பதறியது. 1987 ஜூலை 29 அன்று இலங்கை - இந்திய ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனவும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். திருகோணமலையையோ வேறு எந்தத் துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுப்பதில்லை, எண்ணெய்க் குதங்களைச் சீரமைத்து நடத்துவது இரு நாட்டுக் கூட்டு முயற்சி என்று அந்தக் கடிதங்களில் எழுதப்பட்டது. 2003இல் ஐஓசி உள்ளே வந்தது அந்தக் கடிதத்தின் வழியாகத்தான். 2022 ஒப்பந்தமும் அதன் தொடர்ச்சிதான்.

இப்போது பாருங்கள். நீங்கள் மோட்டார் சைக்கிளோடு நின்ற கியூவுக்குப் பின்னால் லண்டனில் எடுத்த ஒரு முடிவு, ஒரு ஜப்பானியக் குண்டு, ஒரு கடிதம் எல்லாம் இருக்கின்றன. இதைத் தெரியாதவருக்கு அந்த ஒப்பந்தம் நேற்று ஒரு அமைச்சர் செய்த வியாபாரம் போலத் தெரியும். தெரிந்தவர் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்: அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது, பிற்பாடு என்ன கொடுத்தோம், திருகோணமலைச் சனத்திடம் யாராவது ஒரு தடவையாவது கேட்டார்களா? அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு முக்கியம். நூறு வருடத்தில் தாங்கிகள் எத்தனையோ கை மாறியிருக்கின்றன. ஊராரிடம் கேட்டு மாறியதாக ஒரு தடவையையும் என்னால் சொல்ல முடியவில்லை.

துறைமுகத்தையே எடுங்கள். உலகத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அப்படியென்றால் நம்மூர்ப் பெடியங்கள் ஏன் வேலைக்குக் கொழும்புக்கும் கட்டாருக்கும் போகிறார்கள்? "அரசாங்கம் கவனிக்கவில்லை" என்று ஒரே வரியில் முடிக்கலாம். அது பொய்யில்லை, ஆனால் பாதிக் கதைதான்.

பாய்க்கப்பல் காலத்தில் இந்தத் துறைமுகத்தின் பெறுமதி காற்றில் இருந்தது. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் இந்தியாவின் கிழக்குக் கரையில் ஒரு கடற்படைக்கு ஒதுங்க இடமில்லை. சென்னையில் கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். புயல் காலத்தில் பம்பாய் வரை சுற்றிப்போக வேண்டும், அதற்குள் எதிரி கரையைப் பிடித்துவிடுவான். அந்தப் பக்கத்தில் எந்தக் காற்றுக்கும் தாங்கும் ஒரே ஒதுக்கிடம் நம்முடைய உட்துறைமுகம். அதனால்தான் போர்த்துக்கேயரிடம் இருந்து 1639இல் ஒல்லாந்தர் பறித்தார்கள். 1672இல் பிரெஞ்சுக்காரர் கொட்டியாரக் குடாவுக்குள் வந்து இறங்கினார்கள். 1782இல் ஒரே வருடத்தில் ஊர் இரண்டு தடவை கை மாறியது: ஜனவரியில் ஒல்லாந்தரிடம் இருந்து ஆங்கிலேயர், ஓகஸ்டில் ஆங்கிலேயரிடம் இருந்து பிரெஞ்சுக்காரர். அந்த நேரம் அமெரிக்கா விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்தது. அந்தச் சண்டையில் ஐரோப்பிய நாடுகள் பக்கம் பிரிந்ததன் விளைவு நம்ம கோட்டை வாசலில் வெடித்தது. கடைசியாக 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், பிறகு விடவில்லை.

இத்தனை பேர் இத்தனை தடவை அடித்துக்கொண்ட துறைமுகம் ஏன் வணிகத் துறைமுகம் ஆகவில்லை? ஆங்கிலேயருக்குப் பணம் தந்தது மலைநாட்டுக் கோப்பியும் பிறகு தேயிலையும். 1867இல் கண்டியில் இருந்து ரெயில் கொழும்புக்குத்தான் போட்டார்கள். 1869இல் சுயஸ் கால்வாய் திறந்ததோடு ஐரோப்பாவில் இருந்து கிழக்கே போகும் கப்பல் பாதையில் கொழும்பு நேராக வந்து விழுந்தது. இயற்கையாக ஒதுக்கிடம் இல்லாத கொழும்பில் 1875இல் அலைதடுப்பு அணைக்கு அத்திவாரம் போட்டு, கல்லைக் கொட்டி ஒரு துறைமுகத்தை உண்டாக்கினார்கள். இயற்கை செய்து வைத்த திருகோணமலையைக் கடற்படைக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். நமக்கு ரெயில் வந்ததே 1920களில்தான். சுதந்திரத்துக்குப் பிறகும், 1947இல் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, தளம் பிரித்தானியரிடமே இருந்தது. 1957 ஒக்டோபரில் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அதை மீட்டார். நாட்டுக்கு அது பெருமைதான். ஆனால் ஒன்றரை நூற்றாண்டாக ஒரு கடற்படையை நம்பி வளர்ந்த ஊரில் அந்தக் கடற்படை போன பிறகு என்ன வேலை இருக்கும்? பிறகு வந்தது பிறிமா மா ஆலை, சீமெந்து ஆலை என்று ஒன்றிரண்டு. அதற்குமேல் 30 வருடப் போர்.

அப்போ, உங்கள் வகுப்புப் பெடியன் கட்டாருக்குப் போவதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அவன் சோம்பேறியும் இல்லை, ஊர் ராசி இல்லாததும் இல்லை. யாரோ சிலர் சில சந்தர்ப்பங்களில் எடுத்த முடிவுகள் இவை, வேறு விதமாகவும் எடுத்திருக்கலாம். வரலாறு படித்தவருக்கும் படிக்காதவருக்கும் எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் இதுதான். படிக்காதவர் இருப்பதை எல்லாம் இயல்பு என்று எடுத்துக்கொள்வார். படித்தவர் "இது எப்போது, யாரால் இப்படி ஆனது?" என்று கேட்பார்.

சின்ன விஷயங்களிலும் இதே கதைதான். காணிப் பிரச்சினைக்கு நீதிமன்றம் போனால் நமது பொதுச் சட்டத்தின் அடியில் இன்றும் உரோம - டச்சுச் சட்டம்தான் இருக்கிறது, ஒல்லாந்தர் போய் 200 வருடத்துக்கு மேலாகியும். சரி, இது போதும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

சண்டையைத் தவிர வரலாறு என்ன தந்தது என்று கேட்கிறீர்கள். நான் இந்த ஊரிலேயே இருந்து பார்த்தவன், இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஒரு காணியில் ஒரு பழைய கல் கிடைத்தால் நம்மூரில் முதலில் வருவது பயம். அது விகாரையா, கோயிலா, பள்ளிவாசலா? யாருடையது? நாளைக்கு வேலி யார் போடுவார்கள்? "நாங்கள்தான் முதலில் வந்தோம்" என்ற வாக்கியத்தை இங்கே மூன்று சமூகமும் மூன்று விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னவர்களில் பலர் ஒரு கல்வெட்டையும் வாசித்தவர்கள் இல்லை. தங்களுக்கு வேண்டிய ஒரு நூற்றாண்டை மட்டும் வெட்டி எடுத்து, மற்றதை எறிந்துவிட்டு வருகிறார்கள். முழுவதையும் படித்தால் அந்த வாக்கியம் அவ்வளவு சுலபமாக வாயில் வராது. ஏன் என்று நம் மாவட்டத்தில் இருக்கும் இரண்டு கல்லை வைத்துக் காட்டுகிறேன்.

கன்னியாப் பக்கம் பெரியகுளத்துக்கு அருகில் வெல்கம் விகாரை என்று ஒரு பழைய பௌத்த விகாரை இருக்கிறது. நம் சனம் நாதனார் கோயில் என்று சொன்ன இடம். அங்கே கிடைத்த கல்வெட்டுகளில் கணிசமானவை தமிழில் இருக்கின்றன. சோழர் இலங்கையை ஆண்ட 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. விகாரைக்கு விளக்கெரிக்கப் பசு கொடுத்தவர்கள், காசு கொடுத்தவர்கள், விளக்குக் கொடுத்தவர்கள் எல்லாரும் அவற்றில் பதிவாகியிருக்கிறார்கள். அந்த விகாரைக்கு அந்தக் கல்வெட்டுகள் தரும் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. தஞ்சையில் பெரிய கோயில் கட்டிய சைவ அரசனின் பெயரைத் தாங்கிய ஒரு புத்த விகாரை, அதற்குத் தமிழில் எழுதித் தானம் கொடுத்த பௌத்தர்கள். அனுராதபுர அரசை வீழ்த்தி ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துக் கொண்டுபோன அதே சோழர் காலத்தில்.

இனி அடுத்த கல். அது கந்தளாய்ப் பக்கம், பளமோட்டையில் கிடைத்தது. சோழரைத் துரத்தியடித்த சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகுவின் ஆட்சிக்காலத்தில் பொறித்தது, இதுவும் தமிழில். நங்கைசானி என்ற பிராமணப் பெண் இறந்துபோன கணவனின் பேரில் கந்தளாயில் இருந்த சிவன் கோயிலுக்கு நிவந்தம், அதாவது மானியம், கொடுக்கிறாள். அந்தக் கோயிலின் பெயர் தென்கைலாசம் என்ற விஜயராஜ ஈஸ்வரம். சோழரை வென்ற பௌத்த அரசனின் பெயரில் ஒரு சிவன் கோயில்! அந்தத் தர்மத்தைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையிடம் ஒப்படைக்கிறார்கள். அவர்கள் விஜயபாகுவிடம் பணியாற்றிய தமிழ்ப் படையினர்.

இந்த இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த எவரும் "தமிழர் என்றால் சைவர், சிங்களவர் என்றால் பௌத்தர், இரண்டும் என்றைக்கும் எதிரி" என்ற கதையை அப்படியே நம்ப முடியாது. அதற்காக அந்தக் காலத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார்கள் என்றும் சொல்ல வரவில்லை. சோழர் படையெடுத்தார்கள், விகாரைகள் சூறையாடப்பட்டன, சண்டை நடந்தது. ஆனால் அன்றைக்கு இருந்த கோடுகள் இன்று நாம் போட்டிருக்கும் கோடுகள் இல்லை. கா. இந்திரபாலா, சி. பத்மநாதன் போன்ற பேராசிரியர்கள் வருடக்கணக்காக இந்தக் கல்வெட்டுகளோடு இருந்து வாசித்துத் தந்திருக்கிறார்கள். நம்மிடம் வாசித்த கல்லுக்குக் குறைவில்லை. ஊரில் தெரிந்தவர்கள்தான் குறைவு. எனக்கு உண்மையில் மனவருத்தம் தருவது இதுதான்.

கந்தளாய்க் குளமும் இப்படித்தான். குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டினான் என்று, 'கோணேசர் கல்வெட்டு' என்ற பழைய நூலில் வரும் நமது மரபு சொல்கிறது. சிங்கள மரபு இரண்டாம் அக்கபோதி மன்னனைச் சொல்கிறது. இரண்டு பக்கமும் மேடையில் நின்று வாதாடுவார்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அந்தக் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட சனம் அள்ளுண்டு போனது. அதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. ஒரு வரலாற்று மாணவருக்கு அந்த மூன்றும் ஒரே குளத்தின் கதை. யார் கட்டினார்கள் என்பதோடு எத்தனை தலைமுறை பழுதுபார்த்தது, யார் பராமரிப்பை விட்டார்கள் என்பதும் அவர் கேட்க வேண்டிய கேள்விகள்.

கோட்டை வாசல் கல்லைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது வாசல் நிலைக்கல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மீன் செதுக்கியிருக்கும், பக்கத்தில் தேய்ந்த தமிழ் எழுத்து. போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே 1624 அளவில் கோட்டை கட்டினார்கள். அப்படி வந்து சேர்ந்த கல் அது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பிற்காலத்தில் பறங்கி அழிப்பான் என்ற தீர்க்கதரிசனப் பாட்டு அதில் இருக்கிறது என்று சின்ன வயதில் எல்லாரும் கேட்டு வளர்ந்தோம். இன்று கல்லில் நிற்பது சில துண்டு எழுத்துகள்தான். நாம் பாடமாக்கிய முழுப் பாட்டு ஏட்டிலும் வாய்வழியாகவும் வந்தது. ஒரு நல்ல மாணவர் இங்கே நின்று கேட்பார்: கல்லில் இருப்பது எவ்வளவு, பிறகு சேர்ந்தது எவ்வளவு? பாட்டு இடிப்புக்கு முன்பு எழுதியதா, பிறகா? இப்படிக் கேட்பது பக்திக் குறைவு என்று சிலர் கோபிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு ஊர் தன் கோயில் இடிந்த துயரத்தை எப்படித் தாங்கியது, எப்படி ஒரு பாட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியது என்பது இப்படிக் கேட்டால்தான் தெரியவரும். மீன் பாண்டியரின் சின்னம். 13ஆம் நூற்றாண்டில் கோணமலையில் இணைக்கயல், அதாவது இரட்டை மீன், பொறித்ததாக வீரபாண்டியன் புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில் கல்வெட்டு வைத்திருக்கிறான். நம் வாசலில் இருக்கும் கல்லுக்கு விளக்கம் கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. இடிப்பதற்கு முன்பு மலையில் மூன்று கோயில்கள் இருந்தன என்பதற்கோ, இடித்தவர்களின் ஆட்களான போர்த்துக்கேயர் எழுதிய குறிப்புகளே பெரிய சாட்சி. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் "குரைகடல் ஓதம் நித்திலங் கொழிக்குங் கோணமா மலையமர்ந் தாரே" என்று பாடிய கோயிலைப் பற்றித் தெரிந்துகொள்ள அதை அழித்தவர்களின் ஏட்டையும் வாசிக்க வேண்டியிருக்கிறது. தனக்குப் பிடித்தமானவர் எழுதியதை மட்டும் வாசிப்பவருக்கு இது கிடைக்காது.

இன்றைய கட்டடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1950இல் நகரில் கிணறு வெட்டியபோது பழைய வெண்கல விக்கிரகங்கள் வெளிவந்தன. அதற்குப் பிறகு ஊர் கூடித் திருப்பணி செய்து 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. இடைப்பட்ட 300 வருடத்துக்கு மேலாகத் தம்பலகாமத்து ஆதிகோணேசர் கோயில் அந்த வழிபாட்டை விடாமல் தாங்கி நின்றது. அங்கே போகும்போது இதையும் நினையுங்கள்.

பழைய காலத்தைப் பேசுவது ஒப்பீட்டில் சுலபம். கிட்டிய காலம்தான் கஷ்டம். 1881 கணக்கெடுப்பில் திருகோணமலை மாவட்டத்தில் சுமார் 22,000 பேர்தான் இருந்தார்கள். தமிழர் பெரும்பான்மை, முஸ்லிம்கள் கால்வாசி அளவு, சிங்களவர் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. 1981இல் மூன்று சமூகமும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2012இல் மொத்தம் சுமார் 379,000 பேர், முஸ்லிம்கள் நூற்றுக்கு 40 அளவு, தமிழர் 31, சிங்களவர் 27. இந்த எண்களுக்குப் பின்னால் கந்தளாய், அல்லை, முதலிக்குளம் என்று அரசு நடத்திய குடியேற்றத் திட்டங்கள் இருக்கின்றன. அதைப் பற்றிய அச்சம்தான் 1956 ஓகஸ்டில் தமிழரசுக் கட்சியைத் திருகோணமலைக்கு யாத்திரை வரவைத்து இங்கே மாநாடு கூட்ட வைத்தது. அடுத்த வருடம் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா - செல்வா ஒப்பந்தத்தில் குடியேற்றம் ஒரு முக்கிய விஷயமாக வந்ததும், 1958இல் அந்த ஒப்பந்தம் கிழிக்கப்பட்டதும் அதன் தொடர்ச்சி. பிறகு போரும் இடப்பெயர்வும் அந்த எண்களை இன்னும் கலைத்துப் போட்டன. இன்று ஒரு காணி அளவை நடந்தால் ஏன் உடனே சனம் கூடுகிறது என்று கொழும்பில் இருந்து வரும் அதிகாரிக்கு விளங்குவதில்லை. இந்த எண்கள் தெரிந்தால் விளங்கும். அதே நேரம், அரசு கொண்டுவந்து இறக்கிய ஏழை விவசாயியின் மூன்றாவது தலைமுறை அந்த வயலில்தான் பிறந்து வளர்ந்திருக்கிறது என்பதும் விளங்க வேண்டும். கொள்கை வகுத்தவர்களையும் அதன்படி வந்து குடியேறிய மனிதர்களையும் பிரித்துப் பார்க்க வரலாறு பழக்குகிறது. மேடைப் பேச்சில் அது நடப்பதில்லை.

இன்னும் கிட்ட வந்தால் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தனி நாட்காட்டி இருக்கிறது. 1987 ஏப்ரல் 17, ஹபரணை வீதியில் அலுத்ஓயாவில் பஸ்களை மறித்துப் புலிகள் சுட்டுக் கொன்ற சிங்களப் பயணிகள். 1996 பெப்ரவரி 11, குமாரபுரத்தில் இராணுவத்தினர் கொன்ற தமிழ்க் கிராமத்தவர். 2006 ஜனவரி 2, நகரக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்கள். அதே வருடம் ஓகஸ்டில் சண்டைக்குள் அகப்பட்டு வெறுங்கையோடு மூதூரை விட்டு நடந்த முஸ்லிம் சனம். அந்த வருடமே வீடுவாசலை விட்டு, பல வருடம் முகாம்களில் கிடந்து, 2015க்குப் பிறகுதான் காணிக்குத் திரும்பத் தொடங்கிய சம்பூர்ச் சனம். ஒவ்வொருவரும் தங்கள் திகதியை மட்டும் வைத்திருக்கிறோம். அடுத்தவர் திகதி நமக்குத் தெரியாது, தெரிந்தாலும் "அது வேறு" என்போம். மறந்துவிடலாம் என்று நீங்கள் சொல்வது உண்மையில் யாருக்கும் முடியாத காரியம். பிள்ளையை இழந்த தாயிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். மறக்க முடியாது என்றால், நடந்தது எல்லாவற்றையும் சேர்த்துச் சரியாக அறிவதுதான் மிச்சம். எந்தத் திகதி, எந்த இடம், யார் செய்தது, யாருக்கு நடந்தது, விசாரணை என்ன ஆனது. வதந்தி வளர்வது இந்த விவரங்கள் இல்லாத இடத்தில்தான். 2006 ஏப்ரலில் நகரச் சந்தையில் குண்டு வெடித்த கையோடு கடைகள் எரிந்ததை நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு, எத்தனை நிமிடத்தில் ஒரு அரைக் கதை ஊரைக் கொளுத்தும் என்று தெரியும்.

ஆகவே தம்பி, வரலாறு சண்டையைத் தந்தது என்பதை நான் இப்படித் திருத்துவேன்: நமக்குக் கிடைத்த வரலாறு மூன்று தனித்தனிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த வரலாறு. தமிழ் மாணவர் ஒன்று கேட்டு வளர்கிறார், சிங்கள மாணவர் வேறொன்று, கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் மாணவர் இரண்டிலும் தன்னைத் தேடியும் காண்பதில்லை. அதைப் படிக்காமல் விட்டால் பெட்டிகள் அப்படியே இருக்கும். உங்களைப் போல இந்த ஊரில் பிறந்தவர்கள் மூன்றையும் திறந்து பார்த்தால்தான் ஏதாவது மாறும்.

வீட்டாரின் கவலை வேலை பற்றியது. அதையும் சொல்லிவிடுகிறேன். வரலாறு படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் பத்திரிகையாளர்களாகவும் இருக்கிறார்கள், நிர்வாக சேவைப் பரீட்சை எழுதி அதிகாரிகளாகவும் வருகிறார்கள். தொல்லியல், சுவடிகள் பக்கம் தமிழ் தெரிந்தவர்களின் தேவை நிறைய. சுலபமான பாதை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஆவணத்தை எடுத்து, யார் எழுதியது, எதற்கு எழுதியது, எதை மறைக்கிறது என்று வாசிக்கத் தெரிந்தவர் எந்தக் கந்தோரிலும் வீண்போக மாட்டார்.

எடுப்பதென்று முடிவு செய்தால் ஒரு வேலையைச் சேர்த்துச் செய்யுங்கள். சிங்களம் படியுங்கள், பேச மட்டும் போதாது, வாசிக்கவும். உங்கள் வயதுச் சிங்கள மாணவரின் வரலாற்றுப் பாடப்புத்தகத்தை வாங்கி உங்களுடையதோடு பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். பிறகு வெல்கம் விகாரைக்கும் கந்தளாய்க்கும் ஒருதடவை போய் வாருங்கள். முடிந்தால் கிண்ணியாவில் இருந்து ஒரு முஸ்லிம் நண்பரையும் சேருநுவரவில் இருந்து ஒரு சிங்கள நண்பரையும் கூட்டிக்கொண்டு.

அதற்கு முன்பு வீட்டிலேயே தொடங்கலாம். உங்கள் காணியின் உறுதியையோ பேமிட்டையோ எடுத்து, அதில் இருக்கும் மிகப் பழைய திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அம்மம்மாவிடம், அந்தத் திகதிக்கு முன்பு அந்த நிலத்தில் யார் இருந்தார்கள், என்ன பயிர் இருந்தது, எந்த வருடம் யார் எங்கே ஓடினார்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை அவருடைய சொல்லிலேயே எழுதுங்கள். கடதாசி சொல்வதும் அம்மம்மா சொல்வதும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். உயர்தரத்தில் உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோகவேண்டிய முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.